பெரட்டுக்கு முன் ஒரு ஜெபம்

தினசரி ஜெபம் நிலைத்து நிற்க மன உறுதியைவிட நேரமே பெரிய துணை. நாளுக்குள் ஏற்கெனவே அசையாமல் இருக்கும் ஒரு வேளையோடு ஜெபத்தைச் சேர்த்துவிட்டால், அந்த வேளை வரும்போது ஜெபமும் கூடவே வரும். நெகிரி செம்பிலானின் ஜெலுபு மாவட்டத்தில், கோலா கிளாவாங் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு அப்படி ஒரு வேளை வாய்த்திருந்தது: பெரட்டு. விடியுமுன் வரிசையில் நின்று பெயர் கொடுக்கும் அந்த நேரத்தைத் தவறவிட்டால் அன்றைய வேலை போகும். வேலை போனால் கூலியும் போகும்.

பெரட்டு இருட்டில் நடப்பதற்கு மரமே காரணம். ரப்பர் மரத்தின் பால் குழாய்களில் அழுத்தம் விடியற்காலையில்தான் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை வெளிவிட, அழுத்தம் தணிந்து, பால் ஒழுகுவதும் குறையும். ஆகவே வெளிச்சம் பரவுமுன் மர நிரைக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்கும் முன்னால் அடுப்பு மூட்டி, பசியாற ஏதாவது செய்து, பிள்ளைகளை எழுப்பி, கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட வேண்டும். இத்தனையும் பெண்கள் தலையில் விழுந்தது. அவர்களும் ஆண்களைப் போலவே உளியும் வாளியும் எடுத்துக்கொண்டு மரம் வெட்ட, அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுக்க, போனவர்கள்தான். ஜெபத்துக்கு மிஞ்சியது சில நிமிடங்கள்.

அந்தச் சில நிமிடங்களுக்குள் அடங்கியவை எளியவை. கத்தோலிக்க வீட்டில் சிலுவை அடையாளம், பரலோக மந்திரம், அருள்நிறை மந்திரம். சீர்திருத்த சபை வீட்டில் கர்த்தருடைய ஜெபம், மனப்பாடமாயிருக்கும் ஒரு சங்கீத வசனம், பிறகு வீட்டாரின் பெயரைச் சொல்லி ஒரு விண்ணப்பம். இருட்டில் காட்டுக்குள் நடக்கிறவர்களுக்குப் பாம்பு கற்பனையான ஆபத்தல்ல. பாதுகாப்பைக் கேட்கும் ஜெபம் அங்கே வெறும் சம்பிரதாயமாக இருந்திருக்க முடியாது.

இந்தச் சுருக்கத்தைத் திருச்சபை ஒருபோதும் இழிவாகப் பார்த்ததில்லை. மிகப் பழைய கிறிஸ்தவக் கையேடுகளில் ஒன்றான தீதாக்கே, கர்த்தருடைய ஜெபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லும்படி கேட்கிறது. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கின் 50ஆம் அதிகாரம் இன்னும் நெருக்கமானது: தொலைவில் வேலை செய்து, ஜெப நேரத்துக்கு ஆலயத்துக்குத் திரும்ப முடியாதவர்கள், வேலை செய்யும் இடத்திலேயே முழங்காலிட்டு ஜெபிக்கட்டும் என்கிறது. மார்ட்டின் லூதர் 1529இல் வெளியிட்ட சிறிய ஞானோபதேசத்தில் காலை ஜெபத்துக்கான முறை சில வரிகளில் முடிகிறது. ஜெபித்தபின் மகிழ்ச்சியோடு வேலைக்குப் போகச் சொல்கிறார் அவர். அந்த ஞானோபதேசத்தைத் தரங்கம்பாடி மிஷனரிகள் தமிழுக்குக் கொண்டுவந்தார்கள். ஜான் வெஸ்லியோ இங்கிலாந்தில் உழைப்பாளிகள் வேலைக்குக் கிளம்புமுன், காலை ஐந்து மணிக்கே பிரசங்கம் செய்வதை வழக்கமாக்கியிருந்தார். கத்தோலிக்கரும் லுத்தரன்களும் மெதடிஸ்டுகளும் ஆங்கிலிகன்களுமாக மலாயாத் தோட்டங்களுக்கு வந்த தமிழர்களின் பின்னால் இத்தனை வழிகள் இருந்தன. அவை எல்லாமே உழைப்பவரின் நாளைக் கணக்கில் எடுத்துக்கொண்டவை.

வீட்டு ஜெபத்துக்கு இத்தனை எடை கிடைத்ததற்கு ஊரின் அமைப்பும் ஒரு காரணம். கோலா கிளாவாங்குக்கும் சிரம்பானுக்கும் நடுவே புக்கிட் தங்காவின் வளைவான மலைப்பாதை கிடக்கிறது. விசிட்டேஷன் கத்தோலிக்க ஆலயம், புனித மார்க் ஆங்கிலிகன் ஆலயம் போன்றவை மலைக்கு அந்தப் பக்கம், சிரம்பானில். தோட்டங்களுக்குப் பாதிரியாரோ பாஸ்டரோ சுற்றுமுறையில்தான் வருவார்கள். இடைப்பட்ட நாட்களில் உபதேசியார் இருந்தால் அவர், இல்லையென்றால் வீட்டார்தான். ஆலயம் தூரத்தில் இருக்கும் இடத்தில் விசுவாசம் வீட்டுக்குள் உயிரோடிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரே தலைமுறையில் தேய்ந்துவிடும்.

காலை ஜெபம் தனியாளுடையது; மாலை ஜெபம் குடும்பத்துடையது. விளக்கு வைக்கும் நேரத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம் முழுவதும் ஏதோ ஒரு வழிபாட்டில் இருக்கும். தோட்டத்தில் பெரும்பான்மை இந்துக்கள். அவர்களுடைய சாமி மேடையில் விளக்கு எரியும். மலாய்க் கம்பத்துப் பக்கமிருந்து மக்ரிப் பாங்கு கேட்கும். அதே வேளையில் கிறிஸ்தவ வீட்டில் பாய் விரிக்கப்படும். பாட்டு, வேத வாசிப்பு, ஜெபம் என்ற ஒழுங்கு சீர்திருத்த சபையாருக்கு. கத்தோலிக்கருக்கு ஜெபமாலை, குறிப்பாக மே மாதமும் அக்டோபர் மாதமும். லயத்து வீடுகளின் தடுப்பு மெல்லியது. ஒரு வீட்டுப் பாட்டு மூன்று வீடுகளுக்குக் கேட்கும். ஒரு நாள் பாட்டுச் சத்தம் வரவில்லையென்றால், வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லையா என்று விசாரிக்க ஆள் வரும். தனியறையில் தனியாக ஜெபிக்கிறவருக்கு இப்படிப்பட்ட காவல் கிடையாது. அதனால்தான் தனி ஜெபம் எளிதில் நின்றுபோகிறது, நின்றது வெளியே தெரிவதுமில்லை.

மாலை ஜெபத்தில் எழுத்தறியாதவர்களுக்கும் இடமிருந்தது என்பது சிறப்பாகச் சொல்லவேண்டியது. 1715இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டது முதல், தமிழ்க் கிறிஸ்தவர்களின் ஜெபம் புத்தகத்தைச் சார்ந்து வளர்ந்தது. ஆனால் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்களின் கீர்த்தனைகள் காதால் கேட்டு மனத்தில் தங்குபவை. பள்ளிக்குப் போகும் பிள்ளை வேதத்தை வாசிக்க, வாசிக்கத் தெரியாத பாட்டி பாட்டை எடுத்துக் கொடுக்க, இரண்டும் சேர்ந்துதான் ஜெபம் முழுமையாயிற்று. தோட்டத் தமிழ்ப் பள்ளியில் கற்ற எழுத்துக்கு வீட்டில் கிடைத்த முதல் மரியாதையும் இதுவே.

ஆயத்த ஜெபங்களைச் சொல்வது இயந்திரம் போன்றது, மனத்திலிருந்து வருவதே மெய்யான ஜெபம் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. களைத்த உடம்பை அறியாத வாதம் அது. பால் வாளிகளைக் காண்டாக் கம்பில் தோள்மேல் சுமந்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு, பிற்பகலில் வீட்டு வேலையும் முடித்த ஒருத்திக்கு இரவில் சொந்த வார்த்தைகள் எழாமல் போகலாம். அப்போது சங்கீதமும் பரலோக மந்திரமும் அவளுக்காகப் பேசுகின்றன. இயேசுவே சீஷர்களுக்கு ஓர் ஆயத்த ஜெபத்தைத்தான் கற்றுக்கொடுத்தார். வார்த்தை கிடைக்கும் நாளில் சொந்த விண்ணப்பம் அதன்மேல் தானாகச் சேர்ந்துகொள்ளும்.

ஜெபம் முறிந்த நாட்களும் இருந்தன. பட்டை நனைந்தால் மரம் வெட்ட முடியாது. மழை நாளில் பெரட்டு இல்லை, அவசரம் இல்லை. ஓய்வு கிடைத்தால் நிறைய ஜெபிக்கலாம் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். நடப்பது வேறு: எழும் நேரம் தள்ளிப்போக, ஜெபமும் தள்ளிப்போய், கடைசியில் விட்டுப்போகும். விடுமுறையில் ஜெப வாழ்க்கை தளர்வதை எந்த ஊர்க் கிறிஸ்தவரும் அறிவார். விட்டுப்போன நாட்களுக்கு ஈடாக மறுநாள் ஒரு மணி நேரம் ஜெபிக்க முயல்வது பெரும்பாலும் பலிப்பதில்லை. மரம் வெட்டுவதில் தேர்ந்தவர் ஒவ்வொரு முறையும் பட்டையை மெல்லியதாகவே சீவுவார். ஆழமாகச் சீவினால் மரம் புண்படும். ஜெபத்திலும் விட்ட இடத்தில், வழக்கமான அளவிலேயே மறுபடி தொடங்குவதுதான் சரி.

பெரிய முறிவுகளும் வந்தன. ஜப்பானியர் ஆட்சியில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். மிகப் பலர் திரும்பவில்லை. குடும்பத் தலைவன் போன வீட்டில் ஜெபத்தை நடத்துவது தாயின் பொறுப்பாயிற்று. 1948இல் தொடங்கி 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், ஊரடங்கு உள்ள இடங்களில் இரவில் கூடி ஜெபிப்பது கடினம். வீட்டுக்குள் நடந்த ஜெபத்தை எந்தச் சட்டமும் தொடவில்லை.

பிற்காலத்தில் ரப்பர் குறைந்து செம்பனை பரவியது. தோட்டத்துத் தமிழர்கள் சிரம்பான், செனவாங், நீலாய் என்று தாமான் எனப்படும் குடியிருப்புகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் நகர்ந்தார்கள். பெரட்டு போயிற்று, அதோடு கட்டியிருந்த காலை ஜெபமும் பல வீடுகளில் அவிழ்ந்தது. விசுவாசம் குறைந்துவிட்டது என்று இதற்காக இளையவர்களைக் கடிந்துகொள்வது நியாயமில்லை; அவர்களிடமிருந்து பறிபோனது ஒரு வேளை. மூன்று ஷிப்டில் வேலை செய்கிற வீட்டில் எல்லாருக்கும் பொதுவான விடியல் என்பதே இல்லை.

அத்தகைய வீட்டில் மணி கணக்கைவிடச் செயல் கணக்கு உதவும். எந்த ஷிப்டானாலும் சீருடை மாட்டிக்கொள்வது உண்டு, தொழிற்சாலைப் பேருந்துக்குக் காத்திருப்பது உண்டு, திரும்பி வந்து குளிப்பது உண்டு. இவற்றில் ஒன்றைத் தேர்ந்து, கர்த்தருடைய ஜெபத்தையும் ஒரு சங்கீதத்தையும் அதற்கு முன்னால் வைத்துக்கொள்ளலாம். கைப்பேசியில் வரும் தினசரி வசனம் நினைவூட்ட உதவும். அதைப் பார்த்துவிட்டு மற்றவருக்கு அனுப்பிவிடுவதோடு ஜெபம் ஆகிவிடாது, வாய்விட்டு ஒரு முறை வாசிக்க வேண்டும். குடும்ப ஜெபத்துக்கு வாரத்தில் எல்லாரும் வீட்டிலிருக்கும் ஓர் இரவைக் குறித்துக்கொண்டால் போதுமானது. வெளியூரில் தனியாகத் தங்கி வேலை செய்கிற மகன், வேலைக்குக் கிளம்புமுன் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, அவர் ஜெபிக்க ஆமென் சொல்லிவிட்டுப் போனால், அதுவும் முழுமையான குடும்ப ஜெபமே.