கயிறு பிடிக்கும் மச்சான்

சென்ற பள்ளி விடுமுறையில் இலங்கைக்குப் போயிருந்தபோது, மன்னாருக்குத் தெற்கே அரிப்பு என்னும் கடலோரச் சிற்றூரைப் பார்க்கும் வாய்ப்புக் கிட்டியது. அங்கே கடற்கரை மேட்டில் ஒரு பாழடைந்த கட்டடம் நிற்கிறது. ஊரார் அதை அல்லிராணிக் கோட்டை என்கின்றனர். உண்மையில் அது முத்துக்குளிப்பைக் கண்காணிக்க வெள்ளைக்காரக் கவர்னர் பிரடெரிக் நோர்த் 1801 முதல் 1804 வரை கட்டுவித்த மாளிகை. கடல் அதைச் சிறிது சிறிதாகத் தின்றுகொண்டிருக்கிறது. ஊருக்குப் பொருத்தமான பெயர்தான்!

முத்துக்குளிப்பவர் கயிற்றில் கட்டிய கல்மேல் கால் வைத்து, மூச்சை அடக்கி, பத்துப் பதினைந்து மீட்டர் இறங்குவார். தரை தொட்டதும் கல்லை விட்டுவிடுவார். ஒரு நிமிடம் போலச் சிப்பிகளை அள்ளிவிட்டுக் கயிற்றைச் சுண்டுவார். படகில் இருப்பவர் உடனே இழுக்க வேண்டும். சற்றே பராக்குப் பார்த்தால் போச்சு! அதனால்தான் தூத்துக்குடி, கீழக்கரைப் பக்கங்களில் கயிறு பிடிக்க மச்சானையே வைத்துக்கொள்வது வழக்கம் என்பார்கள். தங்கையின் தாலி தன் கையில் இருக்கும்போது எவன்தான் கண்ணயர்வான்?

1905ஆம் ஆண்டில் இலங்கைக் கரையில் எட்டுக் கோடிச் சிப்பிகள் எடுத்தார்கள். மறு ஆண்டே ஒரு கம்பெனி 20 ஆண்டுக் குத்தகை எடுத்தது. சிப்பி அற்றுப்போய்க் கம்பெனியும் படுத்துவிட்டது. தூத்துக்குடியிலும் 1961உடன் முத்துக்குளிப்பு முடிந்தது.

இன்று அந்தக் கயிறு விளையாட்டுக்கு வந்துவிட்டது. கல்லும் கிடையாது, காலில் துடுப்பும் கிடையாது. தொங்கும் கயிற்றைக் கையால் இழுத்தே இறங்கி, இழுத்தே ஏற வேண்டும். 2016இல் பகாமாஸ் தீவில் நியூசிலாந்தின் வில்லியம் டுருபிரிட்ஜ் 124 மீட்டர் போய் வந்தார். பிறகு மற்றவர்கள் அதையும் மிஞ்சிவிட்டனர். ஆனாலும் வீரரைத் தனியே விடுவதில்லை. அவர் உடல் கயிற்றோடு வாரால் பிணைக்கப்பட்டிருக்கும். ஏறிவரும்போது கடைசிச் சில மீட்டரில்தான் மயக்கம் அதிகம் என்பதால், காவலர்கள் எதிரே முங்கிச் சென்று கூடவே வருவார்கள்.

இதை நான் எழுதக் காரணம் ஈப்போ, கம்பார், பத்து காஜா வட்டாரத்து ஈயக்குட்டைகள். யார் அதிக நேரம் முங்குவது என்று அங்கே பிள்ளைகள் பந்தயம் கட்டுகிறார்கள். முங்குமுன் வேகவேகமாக மூச்சு வாங்குகிறார்கள். அதனால் பிராணவாயு ஒன்றும் பெரிதாகக் கூடுவதில்லை. கரியமில வாயுதான் குறைகிறது. மூச்சு முட்டுகிறது என்று நமக்கு உணர்த்துவதே அந்த வாயு. அது குறைந்தால் முன்னறிவிப்பே இன்றிப் பிள்ளை மயங்கிவிடும். சத்தம் இராது, கை கால் உதறலும் இராது. அங்கே கயிறும் இல்லை, மச்சானும் இல்லை. கலங்கிய தண்ணீரைப் பார்த்தபடி கரையில் நிற்கும் கூட்டாளி எண்பது, எண்பத்தொன்று என்று எண்ணிக்கொண்டே இருப்பான்.