இணைத்தால் நான்கு மடங்கா?

வளைகுடாவில் உழைத்துத் திரும்பிய முந்தைய தலைமுறையினரின் வீடுகள் பலவற்றில் ஒரு ஜப்பானிய ஸ்டீரியோ செட் இன்றும் இருக்கிறது. 1970களிலும் 1980களிலும் அத்தரோடும் தொழுகை விரிப்போடும் சான்சுயி, அகாய், பயனியர் என்று பெயர் பொறித்த கனத்த பெட்டிகளும் ஊர் வந்து சேர்ந்தன. எகிப்தின் காரி அப்துல் பாஸித் அப்துஸ் ஸமது அவர்களின் கிராஅத் அந்தப் பெட்டிகளின் வழியாகத்தான் நம் வீட்டுக் கூடங்களில் நிறைந்தது. இப்போது அவற்றைத் தூசு தட்டி மீண்டும் ஒலிக்கச் செய்யும் ஆர்வம் பிள்ளைகளிடம் வளர்ந்திருப்பதைக் காண்கிறோம். பழைய பொருளை வீசாமல் பேணுவது நல்ல பழக்கமே.

நம் ஹிஃப்ழு மாணவர் ஒருவரின் தந்தையும் அத்தகைய ஆர்வலர். நாமும் பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வைத்திருப்பதை அறிந்தவர். சென்ற ஆண்டு ஒருநாள் இஷாவுக்குப் பின் அவர் நம்மிடம் கேட்டார்: “ஹஜ்ரத், ஒரே மாதிரி பவர் ஆம்ப் இரண்டு கிடைத்திருக்கிறது. ஸ்பீக்கர் 4 ஓம். சாதாரணமாகக் கொடுத்தால் ஆம்ப் திணறுகிறது. ஒவ்வோர் ஆம்பையும் ப்ரிட்ஜ் செய்து ஒரு ஸ்பீக்கருக்கு ஒன்றாகக் கொடுத்தால் நாலு மடங்கு சக்தி வருமாமே, செய்யலாமா?”

நான்கு மடங்கு என்பது ஏட்டுக் கணக்கில் சரிதான். அந்தக் கூடுதல் சுமையைத் தாங்குவது யார் என்பதை அந்தக் கணக்கு சொல்வதில்லை.

ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரில் வலம், இடம் என இரண்டு சேனல்கள் உண்டு. ப்ரிட்ஜ் செய்வதென்றால், ஒரே ஒலியை இரண்டு சேனல்களுக்கும் கொடுத்து, ஒன்றில் மட்டும் அதைத் தலைகீழாக்கி, இரண்டின் சிவப்பு முனைகளுக்கு நடுவே ஒரே ஸ்பீக்கரை இணைப்பது. ஒரு சேனல் தள்ளும்போது மற்றது இழுக்கிறது. அதனால் ஸ்பீக்கருக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் இரட்டிப்பாகிறது. ஒரு சேனல் 20 வோல்ட் தருமானால் 8 ஓம் ஸ்பீக்கருக்கு இரண்டரை ஆம்பியர் மின்னோட்டமும் 50 வாட் சக்தியும் செல்லும். ப்ரிட்ஜ் செய்தால் 40 வோல்ட், 5 ஆம்பியர், 200 வாட். நான்கு மடங்கு வந்துவிட்டது.

ஆனால் அந்த 5 ஆம்பியரும் இரண்டு சேனல்களின் ஊடாகவும் முழுமையாக ஓடுகிறது. இரண்டரை ஆம்பியர் தந்துகொண்டிருந்த ஒவ்வொரு சேனலும் இப்போது அதைப்போல் இரு மடங்கு தர வேண்டும். 8 ஓம் ஸ்பீக்கர் ஒவ்வொரு சேனலுக்கும் 4 ஓம் ஸ்பீக்கரைப் போலவே தோன்றும். ஓம் குறையக் குறைய ஸ்பீக்கர் கேட்கும் மின்னோட்டம் கூடும் என்பதை நினைவில் கொள்க.

1980களில் வந்த அமெரிக்கத் தயாரிப்பான ஆட்காம் ஜிஎஃப்ஏ-555 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 8 ஓமில் சேனலுக்கு 200 வாட் தரும் ஆம்ப் அது. ப்ரிட்ஜ் செய்தால் நான்கு மடங்காக 800 வாட் வரவேண்டும். தயாரிப்பாளர் குறித்ததோ 600 வாட். காரணம், 4 ஓமில் அதன் ஒரு சேனல் தருவது 325 வாட்தான். இரண்டு சேனல்களும் சேர்ந்து அதன் இரு மடங்கைத்தான் ஏறத்தாழத் தர முடியும். எவ்வளவு வலிய ஆம்ப் ஆனாலும் அதன் டிரான்ஸ்ஃபார்மருக்கும் டிரான்சிஸ்டர்களுக்கும் ஓர் எல்லை உண்டு.

அப்படியானால் 4 ஓம் ஸ்பீக்கரை ப்ரிட்ஜ் செய்த ஆம்பில் கொடுத்தால் ஒவ்வொரு சேனலும் 2 ஓமைச் சுமக்கிறது. 1980களின் அபோஜி சின்டில்லா போன்ற 1 ஓம் ஸ்பீக்கர்களுக்கோ அது அரை ஓமாகிவிடும். எந்த ஸ்பீக்கருக்கு ஆம்ப் ஏற்கெனவே திணறுகிறதோ, அந்த ஸ்பீக்கருக்குத்தான் ப்ரிட்ஜ் மிகவும் பொருந்தாது. முப்பது நாற்பது ஆண்டுகள் கடந்த ஆம்பில் மின்தேக்கிகளும் உலர்ந்திருக்கும். முதலில் சூடு, பிறகு கரகரப்பு, பிறகு புகை. சில ஆம்ப்களில் கறுப்பு முனை தரையோடு இணைந்திருக்காது. அவற்றை ப்ரிட்ஜ் செய்யவே கூடாது.

இவ்வளவு சுமைக்கும் கிடைக்கும் பலன் என்ன? சக்தி முழுமையாக நான்கு மடங்கானாலும் கூடுவது 6 டெசிபல்தான். காதுக்கு ஒலி இரு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும். ஒரு காரியின் குரலை வீட்டுக் கூடத்தில் அமர்ந்து கேட்க அது தேவையே இல்லை.

இவற்றை நாம் விளக்கியபோது அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பின்னர் மகனின் பேச்சு வந்தது. பதினான்கு வயதுப் பிள்ளை. பதினெட்டு ஜுஸ்உகள் மனனம் செய்திருந்தார். சுப்ஹுக்கு முன் எழுந்து புதிய சபக், பின்னர் பள்ளிக்கூடம், அஸருக்குப் பின் பழைய பாடத்தின் தவ்ர், மஃக்ரிபுக்குப் பின் டியூஷன். வரும் ரமலானுக்குள் முப்பதையும் முடித்துத் தராவீஹில் நிற்க வேண்டும், அதே ஆண்டில் பத்தாம் வகுப்பிலும் முதல் மதிப்பெண் பெற வேண்டும் என்பது தந்தையின் ஆசை. உறவினர்களிடமும் சொல்லிவிட்டார். “இரண்டையும் சேர்த்துச் செய்தால் பெரிய பெயர் கிடைக்கும், ஹஜ்ரத்” என்றார்.

அப்பிள்ளை சில வாரங்களாகத் தவ்ரில் தடுமாறுவதை நாம் கண்டிருந்தோம். முன்பு ஒரே மூச்சில் ஓதிய பக்கங்களில் நின்றுவிடுகிறார். சபக் ஓதும்போதே கண் சொருகுகிறது. “பாய், உங்கள் ஆம்ப் திணறுவதைக் காதால் கேட்டு அறிந்தீர்கள். பிள்ளையின் திணறலை நாங்கள் மத்ரஸாவில் கேட்டுக்கொண்டிருக்கிறோம்” என்று அவரிடம் சொன்னோம்.

அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களின் செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. நாள்தோறும் நோன்பு நோற்கவும் இரவுதோறும் குர்ஆன் முழுவதையும் ஓதவும் முனைந்த இளைஞர் அவர். உடலுக்கும் கண்களுக்கும் குடும்பத்துக்கும் உரிய உரிமைகளை நபி (ஸல்) அவர்கள் நினைவூட்டி, அளவைக் குறைக்கச் சொன்னார்கள். தம்மால் அதற்கு மேலும் முடியும் என்று அவர் வலியுறுத்தினார். முதுமையில், அந்தச் சலுகையை அப்போதே ஏற்றிருக்கலாமே என்று ஏங்கினார். குர்ஆன் ஓதுவதிலேயே அளவு காட்டப்பட்டிருக்கிறது என்றால், பிள்ளையின் மீது நாம் ஏற்றுவதில் எவ்வளவு கவனம் வேண்டும்! பணியாளர் மீது தாங்க முடியாததைச் சுமத்தக் கூடாது, சுமத்தினால் நாமும் கைகொடுக்க வேண்டும் என்பதும் நபிகளாரின் போதனை. பெற்ற பிள்ளைக்கு அது இன்னும் பொருந்தும்.

தந்தை அன்று பதில் சொல்லாமல் சென்றார். உறவினர்களிடம் சொன்ன சொல்லைத் திரும்பப் பெறுவது எளிதல்லவே. ஒரு வாரம் கழித்து வந்து, தேர்வு முடியும்வரை புதிய சபக் வேண்டாம், மனனம் செய்த பதினெட்டு மட்டும் நழுவாமல் இருக்கட்டும் என்றார். டியூஷனில் இரண்டு நாள்களைக் குறைத்தார். இரவில் அரை மணி நேரம் தாமே முஸ்ஹஃபைத் திறந்து வைத்து மகன் ஓதுவதைக் கேட்கத் தொடங்கினார். அந்த ரமலானில் அப்பிள்ளை தராவீஹ் நடத்தவில்லை. பின்வரிசையில் நின்று தொழுதார். தந்தைக்கு அது வருத்தமாகவே இருந்தது. ஆனால் தவ்ரில் தடுமாற்றம் குறைந்தது.

ஆம்ப்களையும் அவர் ப்ரிட்ஜ் செய்யவில்லை. அவருடைய ஸ்பீக்கரின் பின்புறம் இரண்டு ஜோடி முனைகள் இருந்தன. அவற்றை இணைக்கும் உலோகத் தகடுகளைக் கழற்றிவிட்டு, ஓர் ஆம்பின் ஒரு சேனலைக் கனத்த ஒலிக்கும் மறு சேனலை நுண்ணொலிக்கும் கொடுத்தார். சக்தி நான்கு மடங்காகவில்லை. ஒவ்வொரு சேனலும் தன் பங்கை மட்டும் சுமக்கிறது. சூடும் குறைந்தது.

பிள்ளையிடம் இன்னொரு பொறுப்பை ஒப்படைக்கும் முன், இப்போது சுமப்பதை அவர் எப்படிச் சுமக்கிறார் என்று ஒரு வாரம் அருகில் அமர்ந்து பாருங்கள். ஆசிரியரிடமும் கேளுங்கள். நம் பிள்ளைகளின் ஆற்றலை அறிந்து, அவர்களோடு சேர்ந்து சுமக்கும் பெற்றோராக அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக. ஆமீன்.