ஒரே ஒரு பார்க்கிங்

தரமணியில் எங்கள் ஃப்ளாட்டுக்கு ஒரே ஒரு கார் பார்க்கிங்தான். கார் இரண்டு. ஒன்று, அப்பா 1984-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இன்னொன்று, நான் போன வருஷம் கடனில் வாங்கிய ஹூண்டாய் வெர்னா. கூரைக்குக் கீழே நின்றது எது என்று நினைக்கிறீர்கள்? ஹெரால்டுதான். மாதாமாதம் தவணை கட்டுகிற வண்டி தெருவில், வேப்ப மரத்தடியில், காக்கா எச்சத்தோடு!

இரண்டுமே நம்ம ஊர்ப் பிள்ளைகள். ஹெரால்டு 1961-லிருந்து வண்டலூர்ப் பக்கம் தயாரானது. வெர்னா, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டை. ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கித்தான் 1962-ல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரை உண்டாக்கினார்கள். இரண்டுக்கும் வடிவம் தந்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலிக்காரர். இதை யாரோ அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இருப்பது ஸ்போர்ட்ஸ் கார்.

நான் பி.காம். கணக்குப் பார்த்தால் ஸ்போர்ட்ஸ் காரின் பாடு பரிதாபம். 948 சி.சி. இன்ஜின், 40 குதிரை தேறினால் அதிகம். நாலு பேர் போகிற சாதாரண வெர்னாவுக்கு 1,497 சி.சி., 115 குதிரை, 6 ஏர்பேக். 2023-ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 5 நட்சத்திரம் வேறு. ஹெரால்டில் பாதுகாப்பு ஏற்பாடு என்றால், டாஷ்போர்டில் ஒட்டியிருக்கும் பிள்ளையார்தான்.

ஆனால் ஒன்று. எங்கள் சந்தில் வெர்னாவைத் திருப்ப மூன்று முறை ரிவர்ஸ் போட வேண்டும். ஹெரால்டு 25 அடி வட்டத்துக்குள் ஒரே வீச்சில் திரும்பும். பானெட்டை மட்கார்டோடு சேர்த்து முன்பக்கமாகத் தூக்கினால், முன்டயர் மேல் உட்கார்ந்தே இன்ஜினைப் பார்க்கலாம். எனக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்ததும் அதில்தான். வளைவில் பாதியில் ஆக்ஸிலேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்ளே மடங்கி வண்டி அலையும். 'முன்னாடியே ஸ்பீடைக் குறைடா. உள்ள போனப்புறம் காலை எடுக்காதே' என்று தலையில் குட்டுவார். வெர்னாவுக்கு அது தேவையே இல்லை. இன்றும் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

போன ஜூலையில், ராத்திரி இரண்டு மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சுவலி. 81 வயது. கைத்தாங்கலாகக் கீழே இறக்கினால், நேராக ஹெரால்டிடம் போய்த் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"அப்பா, அது வேணாம்ப்பா."

ஒன்றும் பேசாமல் தெருவுக்கு வந்தார். அந்த முப்பது அடியை அவர் நடந்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. பின் சீட்டில் சாய்த்துக் கிளம்பினேன். மத்திய கைலாஷ் தாண்டியதும் பின்னாலிருந்து குரல்.

"என்னடா, இன்னும் ஸ்டார்ட் பண்ணலியா?"

சிரிப்பதா அழுவதா சொல்லுங்கள்.

ஸ்டென்ட் வைத்து ஆறாம் நாள் அனுப்பினார்கள். இனி கார் ஓட்டக் கூடாது. அந்த வாரமே ஒருவர் ஹெரால்டை விலைக்குக் கேட்டு வந்தார். தேய்மானம் எழுதி எழுதிப் பூஜ்யமாகியிருக்க வேண்டிய வண்டிக்கு, வாங்கியதைப் போலப் பல மடங்கு சொன்னார். என் கடனில் பாதி அடையும். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

போன ஞாயிறு அப்பாவே சொன்னார். "உன் வண்டியை உள்ளே விடுடா. அவசரத்துக்கு எடுக்கணும்ல?"

நானும் வாட்ச்மேனும் ஹெரால்டைத் தள்ளிக்கொண்டு போய் வேப்ப மரத்தடியில் விட்டோம். அப்பா ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தார். ஓட்டவில்லை, தள்ளினதுதான். டாக்டர் இதற்கு ஒன்றும் சொல்ல மாட்டார்.

இறங்கியவர் மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"கவர் ஒண்ணு நல்லதா வாங்கு. தார்ப்பாய் ஓட்டை."