எண்ணெய்க் குழாய் இரண்டு

பெங்களூரில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்குச் சொந்த ஊர்ப் பயணம் என்பது பெரும்பாலும் இறக்கத்தில் தொடங்கி ஏற்றத்தில் முடிவது. இந்நகரம் கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் அமைந்தது. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, தொப்பூர்க் கணவாய் என்று சேலம் வரையில் சாலை தாழ்ந்துகொண்டே செல்கிறது. போகும்போது வண்டிக்கு வருத்தமில்லை. திரும்பும்போதுதான் அரிசி மூட்டையும் தேங்காயும் முதியோரும் குழந்தைகளுமாக அத்தனை சுமையையும் அது மேலே இழுத்துவர வேண்டும். அவ்வேளையில் எஞ்சினுக்குள் ஓடும் எண்ணெய் கொதிப்பேறுகிறது. அந்த எண்ணெயைக் குளிர்விக்கும் கருவிக்குச் செல்லும் இரண்டு ரப்பர்க் குழாய்களைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம். இத்துணைச் சிறு பொருளுக்கு ஒரு கட்டுரையா என்று அன்பர்கள் வியக்கலாம்; சற்றே பொறுத்தருள்க.

எங்கள் இல்லத்தில் இருப்பது மெர்சிடிஸ் 300டி என்னும் பழைய டீசல் கார். 123 என்ற எண்ணால் அறியப்படும் அவ்வரிசைக் கார்கள் 1970களின் நடுவிலிருந்து 1986 வரையில் ஏறக்குறைய 27 இலட்சம் செய்யப்பட்டன. எங்கள் தந்தையார் ஆடுகோடியில் மைக்கோ தொழிற்சாலையின் டீசல் பம்புப் பிரிவில் முப்பது ஆண்டுகள் உழைத்தவர். 1951இல் தோன்றிய அந்நிறுவனம் 2008இல் பாஷ் என்று பெயர் மாற்றம் பெற்றதை நம்மவர் பலர் அறிவர். அதனை நம்பி இந்நகருக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் சிலவல்ல. ஓய்வு பெற்ற பின்னர் இந்தக் காரை அவர் பழையதாகவே வாங்கினார். "இதன் பம்பும் பாஷ் செய்ததுதான். அதன் குணம் எனக்குத் தெரியும்" என்பதே அவர் கூறிய ஒரே காரணம்.

இப்போது அவருக்கு அகவை எண்பத்து நான்கு. பொங்கலை ஒட்டிக் குலதெய்வக் கோயிலுக்கு இக்காரிலேயே சென்று வரவேண்டும் என்று விரும்பினார். எங்களுள் இளையவரோ வண்டியை விற்றுவிடலாம் என்றார். 15 ஆண்டு கடந்த காருக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருப்பதையும், உதிரி உறுப்பிற்கு அலைவதையும் எடுத்துக் காட்டினார். அவர் கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. வாதம் முடியாதிருந்த ஒரு வாரத்தில்தான், வண்டி நின்ற இடத்தில் கறுப்பு எண்ணெய்த் துளிகள் நாளுக்கு நாள் கூடிவரக் கண்டோம்.

இந்த எஞ்சினில் ஆறு லிட்டருக்குக் குறையாத எண்ணெய் ஓடுகிறது. எண்ணெய் சூடேறியதும் வடிகட்டிக் கூட்டிலுள்ள தெர்மோஸ்டாட் வழி திறந்து அதனை ரேடியேட்டரின் பக்கத்திலுள்ள ஆயில் கூலருக்கு அனுப்புகிறது. போக ஒரு குழாய், வர ஒரு குழாய். இவற்றில் ஒன்று வெடித்தால் பம்பே எண்ணெய் முழுவதையும் சாலையில் கொட்டிவிடும். அதற்குச் சில நொடிகளே போதும். பிறகு பேரிங்கும் கிராங்கும் உலோகத்தோடு உலோகமாக உரசும். இக்காரில் எண்ணெய் அழுத்தம் குறைந்தால் எரிந்து எச்சரிக்கும் சிவப்பு விளக்கும் இல்லை. முள் ஒன்றே உண்டு. ஓட்டத்தில் 3 என்ற எண்ணில் ஒட்டி நிற்கும் அம்முள் கீழே விழுந்ததை ஓட்டுபவர் காண்பதற்குள் காரியம் கெட்டுவிடும். தொப்பூர் ஏற்றத்தில், பின்னால் லாரிகள் நெருங்கி வர, முதியோரை உள்ளே வைத்துக்கொண்டு எஞ்சின் இறுகி நிற்பதை எண்ணிப் பார்க்கவே மனம் ஒப்பவில்லை.

வில்சன் கார்டன் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் பாய் ஒருவரிடம் காட்டினோம். அவர் வண்டிக்கு அடியில் படுத்து ஒரு குழாயைத் தடவிப் பார்த்தார்.

"ஐயா, இது தண்ணிக் குழாய். யாரோ கிளிப்பு போட்டு மாட்டியிருக்காங்க. எண்ணெயைக் குடிச்சு ஊதிப்போச்சு."

"முன்பொரு பட்டறையில் மாற்றினார்கள், பாய். அசல்தான் என்றார்களே!" என்றார் தந்தையார்.

"அசல்னு சொல்ல வாய் போதும், ஐயா" என்று சிரித்தார் அவர்.

ரேடியேட்டருக்கு ஆகும் ரப்பர் வேறு, எண்ணெய்க்கு ஆகும் ரப்பர் வேறு. வெந்நீரைத் தாங்கும் ரப்பர் எஞ்சின் எண்ணெயில் ஊறினால் வீங்கி மெத்தென்று ஆகிவிடும். மற்றொரு குழாய் அசல்தான். ஆயின் ரப்பரும் உலோக முனையும் கவ்விச் சேரும் இடத்தில் வெடிப்பு விட்டுக் கசிந்தது. எஞ்சின் தாங்கியின் ரப்பரும் அமுங்கிப்போயிருந்தது. அதனால் எஞ்சின் தாழ்ந்து, குழாய் குறுக்குச் சட்டத்தில் உரசித் தேய்ந்திருந்தது. குழாயை மட்டும் மாற்றித் தாங்கியை விட்டுவைத்தால் புதிய குழாயும் அதே வழியில் போகும் அன்றோ?

ஜே.சி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கினோம். அசல் குழாய் வெளிநாட்டிலிருந்து வர வாரங்கள் ஆகும் என்றனர். பொங்கல் நமக்காகக் காத்திராது. பீன்யாவில் ஹைட்ராலிக் குழாய் செய்வோர் பழைய முனைகளை வைத்தே புதுக் குழாய் அழுத்திக் கொடுப்பர் என்று பாய் அனுப்பினார். தந்தையாரும் உடன் வந்தார். மண்வாரி எந்திரங்களுக்கு ஆகும் சாதாரணக் குழாயைக் கடைக்காரர் எடுத்துக் கொடுக்க, அது எத்தனை டிகிரி வெப்பம் தாங்கும் என்று வினவினார் தந்தையார். நூறு என்றதும் தலையை அசைத்து மறுத்தார். ஏற்றத்தில் எஞ்சின் எண்ணெய் நூறைக் கடக்கும் என்பது அவர் அறிந்தது. அதனினும் வெப்பம் தாங்கும் வகையைத் தேடிப் பெற மேலும் ஒரு பகல் கழிந்தது. இளையவர் பொறுமையிழந்தார் என்பதையும் மறைப்பதற்கில்லை.

வேலையில் ஆபத்தான கட்டம் ஒன்றே. ஆயில் கூலர் அலுமினியம். குழாயின் நட்டோ எஃகு. ஆண்டுக் கணக்கில் இரண்டும் பற்றிக்கொண்டுவிடும். முரட்டுத்தனமாகத் திருகினால் அலுமினிய மரை பிய்ந்து கூலரே பாழாகும். முதல்நாள் இரவே துரு நீக்கும் எண்ணெயைத் தெளித்து ஊறவிட்டார் பாய். மறுநாள் கூலரின் முனையை ஒரு ஸ்பானரால் அசையாது பிடித்துக்கொண்டு, மற்றொன்றால் நட்டை மெல்லத் தளர்த்தினார். அரை மணி நேரம் ஒருவரும் பேசவில்லை. நட்டு 'கிர்' என்று இளகியபோது மரை முழுமையாக இருந்தது. தந்தையார் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

புதிய குழாய்களைச் சட்டத்தில் படாமலும், எஞ்சின் குலுங்கினால் இழுபடாமலும் சற்றுத் தளர்வாக வளைத்துப் பொருத்தினார். தாங்கிகளும் மாறின. எண்ணெய் ஊற்றிய பின், எஞ்சின் மேலுள்ள நிறுத்தும் நெம்புகோலை ஒருவர் அழுத்திப் பிடிக்க, முள் எழும் வரை ஸ்டார்ட்டரால் சுற்றிவிட்டு, அதன் பிறகே ஓடவிட்டார். நன்றாகச் சூடேறித் தெர்மோஸ்டாட் திறந்ததும் கூலர் தன் பங்கு எண்ணெயை வாங்கிக்கொண்டது. ஆறவிட்டு அளவுகோலைப் பார்த்து, குறைந்ததை மீண்டும் ஊற்றினோம். இதைப் பலர் விட்டுவிடுகின்றனர்.

பழைய குழாயைத் தந்தையார் கத்தியால் நெடுக்காகப் பிளந்து இளையவரிடம் காட்டினார். உட்சுவர் கூழாகி அடுக்கடுக்காகப் பிரிந்திருந்தது. அவர் அதைப் புரட்டிப் பார்த்தார்; விற்பதைப் பற்றி அன்று பேசவில்லை. பொங்கல் கழித்துத் திரும்புகையில் தொப்பூர் ஏற்றம் முழுதும் முள் மூன்றிலேயே நின்றது. அதைக் கவனித்துச் சொல்லும் பொறுப்பையும் அவரே ஏற்றிருந்தார்.

பழைய டீசல் வண்டி வைத்திருக்கும் அன்பர்கள், ஊருக்குப் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னரே இரவில் எஞ்சினுக்கு அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்து, காலையில் எடுத்துப் பார்ப்பது நன்று. செலவில்லாத சோதனை அது.