டேங்க் மேல் உட்கார்ந்து கேட்டது

அப்பாவுக்கு உசிலம்பட்டிப் பக்கம் வாத்தியார் வேலை, வீடு மதுரை அரசரடியில். போக மட்டுமே நாற்பது கிலோமீட்டர் வரும். அந்தத் தூரத்துக்காகவே ஹீரோ ஹோண்டா சி.டி.100 வாங்கினார். முன்பு வைத்திருந்த டூ ஸ்ட்ரோக் வண்டி எரியாத பெட்ரோலையும் கொஞ்சம் புகையோடு வெளியே தள்ளிவிடும். 1985-இல் வந்த சி.டி.100 நாலு ஸ்ட்ரோக் வண்டி, அந்த வீணடிப்பு இல்லை.

என் பள்ளிக்கு லீவு விட்டால் முன்னால் டேங்க் மேல் உட்காரவைத்துக் கூட்டிப்போவார். எனக்கு அடியில் பெட்ரோல் தளும்பும். கண்ணெதிரே அப்பாவின் வலது மணிக்கட்டு. அது வெடுக்கென்று திரும்பி நான் பார்த்ததே இல்லை. முதல் கியர் வண்டி உருளுவதற்கு மட்டும்தான். காளவாசல் நெரிசலைத் தாண்டியதும் இரண்டு, மூன்று, நாற்பதைத் தொடும் முன்பே டாப். கிளட்ச்சில் விரலைப் போட்டு வைக்கும் பழக்கமே கிடையாது.

டாப்புக்குச் சீக்கிரம் போனாலும் எஞ்சினைத் திணற விடமாட்டார். செக்கானூரணி தாண்டி ஒரு கண்மாய்க்கரை மேடு. சத்தம் கனத்து வண்டி திக்கப் பார்க்கும்போதே ஒரு கியர் இறக்கிவிடுவார். "இழுக்க முடியாமத் திணறுறப்பதான்டா பெட்ரோலைக் குடிக்கும். சத்தத்தைக் கேளு, அதுவே சொல்லும்" என்பார். எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தது அந்தச் சத்தம்தான்.

ஆடி மாதம் அந்த ரோடே வேறு. மேற்கேயிருந்து காற்று முகத்தில் அறையும். மற்றவர்கள் முறுக்கிக்கொண்டு போக, அப்பா வேகத்தைக் குறைப்பார். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும் என்பதை வகுப்பில் படிப்பதற்கு முன்பே அந்த ரோட்டில் தெரிந்துகொண்டேன். டேங்கை நிரப்பும்போதெல்லாம் லிட்டரையும் கிலோமீட்டரையும் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்து வகுத்துப் பார்ப்பார். கணக்கு குறைந்தால் முதலில் டயரில் காற்று, அடுத்து செயின், அப்புறம் பிளக். பிளக்கின் முனை பிஸ்கட் நிறத்தில் இருந்தால் திருப்தி. கரி படிந்திருந்தால் மெக்கானிக் அண்ணனிடம் கார்புரேட்டரைக் காட்டுவார்.

இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் மிச்சம் என்று சொன்னவர்களை அவர் ஏற்கவில்லை, வண்டி பிடியில் நிற்காது என்பதற்காக. இன்றைய பி.எஸ்.6 வண்டிகளில் இன்னொரு காரணமும் உண்டு. கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரை விட்டால் இன்ஜெக்டர் பெட்ரோலையே நிறுத்திவிடும். நியூட்ரலில் ஓடினால் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும். பாலம் இறங்கும்போது தயவுசெய்து கியரிலேயே இறங்குங்கள்.