மாறாத கோப்புகளும் மாறிய ஓர் எண்ணும்

கடந்த வாரம் கண்டியில் மழை ஓயாத ஒரு மாலை. பழைய கட்டுரைகளைத் தொகுக்க அமர்ந்தேன். மலையகம் பற்றிப் பல ஆண்டுகளாக நான் எழுதியவை 86 கோப்புகளாகக் கணினியில் உள்ளன. எப்போது எதைத் திருத்தினேன் என்று பதிந்து வைக்க, லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய ‘கிட்’ என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். நிரலாளர்களின் கருவிதான்; ஆனால் திருத்தங்களுக்குக் கணக்கு வைப்பது பத்திரிகைக்காரனுக்கும் உரிய வேலையல்லவா?

பழைய விண்டோஸ் கணினி ஓய்ந்துவிட்டதால், கோப்புறையை அப்படியே பென் டிரைவில் எடுத்து, லினக்ஸ் நிறுவிய புதிய கணினியில் இட்டேன். 86 கோப்புகளும் மாறிவிட்டன என்றது ‘கிட்’. ஒன்றைத் திறந்து பார்த்தேன். ஓர் எழுத்தும் மாறவில்லை. அதுவோ எல்லா வரிகளையும் சிவப்பில் நீக்கி, அதே வரிகளைப் பச்சையில் சேர்த்துக் காட்டியது. சலிப்புற்று, எல்லா மாற்றங்களையும் கைவிடும் கட்டளையை இடப் போனேன்.

அவ்வேளை, பேராதனையில் பொறியியல் பயிலும் என் சகோதரியின் மகன் வந்து சேர்ந்தான். “பொறுங்கள் மாமா, முதலில் கோப்புறையைப் பிரதி எடுத்து வைப்போம்” என்றான்.

அவன் சொன்ன காரணம் எனக்குப் பழக்கமானதே. தட்டச்சுப் பொறியில் வரி முடிந்ததும் இடப்புறக் கைப்பிடியைத் தள்ளுவோம். தாங்கி வரியின் தொடக்கத்துக்குத் திரும்பும். தாள் ஒரு வரி மேலேறும். தொலை அச்சுப் பொறியில் இவ்விரண்டுக்கும் தனித்தனிக் குறியீடுகள் இருந்தன. விண்டோஸ் இன்றும் வரிமுடிவில் இரண்டையும் இடுகிறது. லினக்ஸ் ஒன்றை மட்டுமே இடுகிறது. பழைய கணினியில் ‘கிட்’ கூடுதல் குறியை நீக்கியே தன் களஞ்சியத்தில் சேமித்து வந்தது. அந்த அமைப்பு புதிய கணினியில் இல்லை. ஆகவே கண்ணுக்குத் தெரியாத அக்குறி ஒவ்வொரு வரியிலும் மாற்றமாகப் பட்டது. நாம் எழுத்தைப் படிக்கிறோம். அது பைட்டுகளை ஒப்பிடுகிறது.

வரிமுடிவு வேறுபாடுகளைப் புறக்கணித்து ஒப்பிடுமாறு அவன் கட்டளையிட்டான். 85 கோப்புகள் மௌனமாயின. ஒன்று மட்டும் நின்றது.

1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் பற்றிய கட்டுரை அது. நாடற்றோராயிருந்த ஏறக்குறைய 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதாகவும், எஞ்சிய 150,000 பேர் பற்றிப் பின்னர் முடிவெடுப்பதாகவும் உடன்பட்டார்கள். (1974இல் அவர்களையும் சரிபாதியாகப் பிரித்தார்கள்.) நானோ முன்பு 552,000 என்று எழுதியிருந்தேன். பழைய கணினி ஓய்வதற்கு முன்தினம் அதைத் திருத்தினேன். பதியவில்லை, மறந்தும் போனேன். எல்லாவற்றையும் கைவிட்டிருந்தால் பிழை சத்தமின்றித் திரும்பியிருக்கும். இலக்கம் இரண்டு இடம் மாறியதுதான். ஆனால் அந்த வித்தியாசம் 27,000 மனிதர்கள். அவர்களது கருத்தைக் கேளாமலே பங்கிட்ட கணக்கில் நானும் பிழைவிட்டிருக்கக் கூடாது.

திருத்தத்தை முதலில் பதிந்தோம். பின்னர் ‘கிட்ஆட்ரிபியூட்ஸ்’ என்னும் சிறு கோப்பில், உரைக் கோப்புகளின் வரிமுடிவுகளை ஒரே சீராகக் கொள்ளுமாறு ஒரு வரி எழுதினோம். அது கோப்புறையுடனேயே பயணிப்பதால் எந்தக் கணினிக்குச் சென்றாலும் இத்தொல்லை வராதாம்.

தமிழில் எழுதுவோர்க்கு இன்னொரு பொறியும் உண்டு. கட்டுகஸ்தோட்டை என்பதிலுள்ள ‘தோ’வின் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரட்டைச்சுழியும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ‘கிட்’டுக்கு வேறு வேறு. பாமினி எழுத்துருவிலிருந்து பழைய ஆக்கங்களை மாற்றுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

நண்பர்களே, மென்பொருள் பொய் சொல்கிறதென்று தோன்றினாலும், அழிக்கும் முன் ஒரு பிரதி எடுங்கள்.