தானாக நிற்பது

ஊடை நூல் அறுந்தால் விசைத்தறி தானாக நின்றுவிடும். நாடா போய்வரும் பாதையோரம் ஒரு சின்னக் கம்பி இருக்கும். நூல் அதைத் தொடவில்லையென்றால் ஓட்டத்தை நிறுத்திவிடும். அது வேலை செய்யாவிட்டால் தறி வெறுமனே ஓடி, துணியில் பழுது விழும். கூலியில் பிடித்துக்கொள்வார்கள். சோமனூரில் இதைச் சின்னப் பிள்ளையிலேயே பார்த்துவிடுகிறோம். அதனால்தானோ என்னவோ, லேப்டாப் பொசுக்கென்று அணைந்து தானாகவே எழுந்தபோது சித்தப்பா கேட்டது இது: “உள்ள ஏதாச்சும் அறுந்துருக்குதா சாமி?”

விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்று வரிசையாகக் கிடந்தது. அது காரணம் சொல்லாது. ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை என்று மட்டும், அதுவும் எழுந்தபிறகு எழுதிவைக்கும். நீலத்திரை வந்தாலும் கண்ணில் தங்காது. விழுந்ததும் தானே மறுபடி தொடங்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள். அந்த டிக்கை எடுத்துவிட்டோம். நீலம் வரவில்லை, கறுப்பாகித்தான் போனது. பதிவில் நீலத்திரைக்குரிய பக்செக் கோடும் பூஜ்யம். மென்பொருளைத் திட்டப் பெரிதாக வழியில்லை.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் கோளாறான அப்டேட்டால் 85 லட்சம் கணினிகள் நீலமாகிக் கிடந்தன. விமான நிலையங்களில் கையால் போர்டிங் பாஸ் எழுதினார்கள். அன்றைக்குக் காரணம் அன்றைக்கே தெரிந்தது. ஒற்றை லேப்டாப்புக்கு அந்தக் கொடுப்பினை ஏது?

அடுத்த சந்தேகம் கரன்ட் மேல். இந்த ஊரில் யாருக்கும் அதுதான் வரும். 2012-ல் சென்னைக்கு இரண்டு மணி நேர மின்வெட்டு என்றால் எங்களுக்குப் பாதி நாளுக்கும் மேல். கரன்ட் திரும்பியதும் எல்லாத் தறியும் ஒன்றாகக் கிளம்ப, பல்பு மங்கி எழும். விசைத்தறிக்கு இலவச மின்சாரம் 2006-ல் 500 யூனிட், 2016-ல் 750, 2023-ல் 1000 என்று ஏறியது. 2012-ல் மட்டும் யூனிட்டைப் பற்றி யாரும் பேசவில்லை, எத்தனை மணிக்கு வரும் என்றுதான் பேச்சு. பேட்டரி செத்த லேப்டாப் என்றால் அந்த ஒரு மங்கலிலேயே விழுந்துவிடும். சித்தப்பாவுடையதில் பேட்டரி நன்றாகத்தான் இருந்தது. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு ஓட்டினோம். அப்போதும் போனது.

ஜிஎஸ்டி கணக்கு ஏற்றும்போது விசிறி இரையும், அடிப்பக்கம் கொதிக்கும், போய்விடும். புராசசர் 100 டிகிரியை ஒட்டிச் சூடானால் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் ஆறாவிட்டால், கருகிப்போகாமல் இருக்க அணைந்துகொள்ளும். ஆக, பழுதென்று நாங்கள் நினைத்தது காவல். அடிமூடியைக் கழற்றினால், விசிறிக்கும் சூட்டை வெளியேற்றும் தகடுகளுக்கும் நடுவே பஞ்சு படிந்து படிந்து துணியாகவே ஆகியிருந்தது.

“இதுக்குக் கூலி யாரு குடுப்பா?” என்றார் சித்தப்பா.

தறிக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரை இழுத்துவந்தார். நேரே அடித்தால் விசிறி தறிகெட்டுச் சுற்றி பேரிங் போய்விடும். ஈர்க்குச்சியால் விசிறியை நிறுத்திப் பிடித்துக்கொண்டு, தள்ளி நின்று அடிக்க வேண்டும். புராசசர் மேல் காய்ந்துபோயிருந்த பேஸ்டையும் மாற்றினோம். தறிக் குடோனுக்குள் லேப்டாப்பை வைக்காதீங்க சித்தப்பா என்று சொல்லிப் பார்த்தேன்.

“அப்பறம் பாவுக் கணக்க ஊட்டுல உக்காந்தா பாக்கறது? தறி நின்னா எனக்கு எப்புடித் தெரியும்?”

மாசம் ஒருக்கா மூடியைக் கழற்றுவதற்கு மட்டும் ஒத்துக்கொண்டார்.